கிழட்டு மரத்து அரும்பும் மடுவத்துத் தராசும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமாருக்கான ஒருநாள் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளைத் தேயிலையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். போன கூட்டத்தில் ஒரு தலைவி கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம். "அரும்பை மட்டும் எடு என்கிறார்கள். கிலோவும் கேட்கிறார்கள். அந்த அரும்பை வைத்து அப்படி என்னதான் செய்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல நம்முடைய மலையை விட்டுக் கொஞ்ச தூரம் போக வேண்டும். சீனாவின் தென்மேற்கு மூலையில், பர்மாவுக்கும் லாவோசுக்கும் பக்கத்தில், யுனான் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே போய்விட்டுத் திரும்புவோம். சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடலாம், பயப்படாதீர்கள்.

முதலில் ஒரு விஷயம். நாம் தேயிலைச் செடி, தேயிலைச் செடி என்கிறோம். அது செடி அல்ல, மரம். இடுப்பளவில் நிற்பது நம்முடைய கத்தியால்தான். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம், வாரா வாரம் கொழுந்தெடுத்து மட்டம் வைக்கிறோம். அதனால் அது மேலே போக வழியில்லாமல் பக்கத்தில் படர்கிறது. கைவிட்ட மலைகளைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து வருடம் யாரும் கை வைக்காவிட்டால் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும், பூக்கும், காய்க்கும். அந்தக் காலத்தில் விதைக்கென்று விட்ட மரங்கள் சில தோட்டங்களில் இன்னும் நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் ஒரு மரத்தில் சின்னப் பிள்ளைகள் ஊஞ்சல் கட்டி ஆடுவார்கள். அது தேயிலை மரம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு நம் மலைகளில் பரவிய தேயிலையில் பெரும்பகுதி அசாம் வர்க்கம், அல்லது அதோடு கலந்த வர்க்கம். பெரிய இலைக்காரி. யுனான் மலைகளில் நிற்கும் கிழட்டு மரங்களும் அதே பெரிய இலை வர்க்கம்தான். ஆக நாம் பேசப்போவது நம்முடைய மலைத் தேயிலையின் சொந்தக்காரர்களைப் பற்றித்தான். அவர்களை யாரும் குட்டையாக வெட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

யுனானில் மேகொங் ஆறு ஓடும் பள்ளத்தாக்குகளின் இரண்டு பக்கமும் மலைகள். அங்கே ஜிங்மாய் என்றொரு மலை. கடல் மட்டத்திலிருந்து 1100 மீற்றரில் தொடங்கி 1600 மீற்றருக்கு மேலே போகிறது. அட்டன் பக்கத்து உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புலாங், தாய் என்ற இரண்டு சிறுபான்மை இன மக்கள் ஏறக்குறைய ஆயிரம் வருடமாக அங்கே தேயிலை வளர்க்கிறார்கள். காட்டை முழுதாக வெட்டி எரித்துவிட்டு நிரை பிடித்து நட்ட தேயிலை அல்ல. பெரிய காட்டு மரங்களை மேலே விட்டு, அவற்றின் நிழலில் தேயிலை மரம், அதற்குக் கீழே புல்லும் மூலிகையும் என்று மூன்று தட்டாக வைத்திருக்கிறார்கள். உதிர்கிற இலைதான் உரம். பூச்சியைத் தின்னப் பறவையும் சிலந்தியும் அங்கேயே இருக்கின்றன. 2023 செப்டெம்பரில் யுனெஸ்கோ இந்த மலையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தேயிலையை மையமாக வைத்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் அது.

புலாங் மக்களிடம் ஒரு கதை உண்டு. அவர்களுடைய முன்னோரான தலைவர் பா ஐலெங், சாகும் முன்பு பிள்ளைகளுக்கு என்ன விட்டுப்போவது என்று யோசித்தாராம். மாடு கன்று விட்டால் நோய் வந்து செத்துப்போகும். பொன்னும் வெள்ளியும் விட்டால் செலவழிந்துவிடும். தேயிலை மரத்தை விட்டுப்போனால் அது பேரன் பேத்தி காலத்துக்கும் சோறு போடும் என்று முடிவெடுத்தாராம். இன்றைக்கும் அங்கே தேயிலைக்குள் ஒரு மூத்த மரத்தைக் காவல் மரமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். நாம் மலையில் வேலை தொடங்கும்போது முனியாண்டிக்குக் கற்பூரம் கொளுத்துகிறோமே, அதுபோல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம்முடைய கும்பிடு "அட்டை கடிக்காமல், குளவி கொட்டாமல் வீடு திரும்ப வேண்டும்" என்று. அவர்களுடையது, "தாத்தா விட்டுப்போனது நிலைக்க வேண்டும்" என்று.

இந்தக் கதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது தேயிலை விற்கிறவன் டப்பாவில் எழுதுகிற கதையாகிவிடும். நடந்ததையும் சொல்ல வேண்டும். 1950களில் அங்கே கூட்டுப் பண்ணை வந்தது, மரங்களெல்லாம் பொதுவில் போயின. 1980கள் தொடக்கத்தில் திரும்ப வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தார்கள். நிலம் இன்றைக்கும் ஊரின் கூட்டுச் சொத்துதான். ஆனால் இந்த மரம் முதல் அந்த மரம் வரை இந்தக் குடும்பம் பார்த்து, பறித்து, விற்றுக்கொள்ளலாம் என்று உரிமை. அந்தக் காலத்தில் பழைய மரத்து இலைக்குப் பெரிய மதிப்பில்லை. விளைச்சல் காணாது என்று பல இடங்களில் அதிகாரிகளே சொல்லிக் கிழட்டு மரங்களைக் குட்டையாக வெட்ட வைத்தார்கள். கவ்வாத்துதான், வேறென்ன. மலைச்சரிவுகளில் படிக்கட்டு வெட்டி நம்மைப்போல நிரை நிரையாகப் புதுத் தேயிலை போட்டார்கள்.

2000க்குப் பிறகு காற்று மாறியது. நகரத்துப் பணக்காரர்கள் பழைய மரத்துத் தேயிலையைத் தேடி வந்தார்கள். விலை ஏறியது, ஏறியது, 2007இல் படாரென்று விழுந்தது. அப்போது கடன் வாங்கி இலை சேர்த்து வைத்த சின்ன வியாபாரிகள் பலர் தெருவுக்கு வந்தார்கள். பிறகு திரும்பவும் ஏறியது. லாவோபான்சாங் என்று ஹானி இன மக்களின் ஒரு சின்ன ஊர். அங்கத்தைய கிழட்டு மரத்து இலை இன்று சீனாவிலேயே விலை கூடிய இலைகளில் ஒன்று. வெளியூர் இலையைக் கொண்டுவந்து தங்கள் இலையோடு கலந்துவிடக் கூடாது என்று ஊர் வாசலில் காவல் போட்டிருக்கிறார்கள். கம்பனி போட்ட காவல் அல்ல, ஊர்க்காரர்களே போட்டது. மண் வீடு இருந்த இடத்தில் மாடி வீடு நிற்கிறது.

அதற்காக அங்கே எல்லோரும் மாடி வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விலை ஏறியதும் மரம் வைத்திருக்கிற குடும்பங்கள் பறிப்பதற்கு வெளியிலிருந்து கூலிக்கு ஆள் எடுக்கின்றன. அந்த ஆட்கள் இலைக்காலம் முடிந்ததும் மூட்டை கட்டிப் போய்விடுவார்கள். உயரமான மரத்தில் ஏறிக் கிளையில் நின்று பறிக்க வேண்டும். சில மரங்களுக்குச் சாரம் கட்டி வைத்திருக்கிறார்கள். விழுந்தால் விழுந்ததுதான். பேர் பெற்ற மரத்தின் இலை எவ்வளவுக்குப் போனாலும் பறித்தவளுக்கு நாள் கூலிதான். மலை ஒன்று, தேயிலை ஒன்று, கை ஒன்று. மரத்தில் உரிமை உள்ள கைக்கு ஒரு வருமானம், இல்லாத கைக்கு ஒரு வருமானம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெள்ளைத் தேயிலைக்கு வருவோம்.

இதன் பிறந்த ஊர் யுனான் அல்ல. சீனாவின் கிழக்குக் கரையில் பூஜியான் மாகாணம், பூடிங், செங்ஹே பகுதிகள். அங்கே அரும்பு பெருத்து வெள்ளை மயிர் அடர்ந்த ஒரு வர்க்கம் இருக்கிறது. வசந்த காலத்தில் அதன் அரும்பை மட்டும் எடுத்துக் காய வைத்தால் வெள்ளி ஊசி மாதிரி இருக்கும், பெயரும் அதுதான். யுனான்காரர்கள் இதே முறையைத் தங்கள் பெரிய இலை மரங்களுக்குச் செய்து பார்த்தார்கள். அதில் ஒன்றுக்கு நிலா வெள்ளை என்று பெயர். அரும்பு வெள்ளி நிறம், பக்கத்து இலை கறுப்பு. இரவில் நிலா வெளிச்சத்தில் வாட்டியதால் அந்தப் பெயர் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். நிழலில் வாட்டுகிறார்கள் என்பது மட்டும்தான் அதில் விஷயம். நிலாவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, அதனால் நிலாவின் பெயரைப் போடுகிறார்கள்.

செய்கிற விதம் நம் ஸ்டோரில் வேலை செய்கிற தோழர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். உருட்டுகிற மெசின் கிடையாது. சிவக்க வைக்கிற வேலை கிடையாது. மூங்கில் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் மெல்லிசாகப் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் வாட விடுவார்கள். பிறகு வெயிலிலோ மிதமான சூட்டிலோ காய வைப்பார்கள். அவ்வளவுதான். எளிது என்று தோன்றும். ஆனால் மறைக்க எதுவும் இல்லாத வேலை இது. நம் தூளில் ஒரு முற்றல் இலை கலந்தால் உருட்டி, நொறுக்கி, சலித்துச் சரிக்கட்டிவிடலாம். இதில் நகம் அழுத்தின அரும்பு அந்த இடத்தில் சிவந்து அப்படியே தட்டில் கிடக்கும். ஈர அரும்பு கறுத்துப்போகும். அதனால் மழையில் எடுக்க மாட்டார்கள், பனி காயும் வரை காத்திருப்பார்கள். மெசின் செய்ய வேண்டிய வேலையெல்லாம் பறிக்கிற விரலின் தலையில் விழுகிறது.

இன்னொரு வகையும் உண்டு. குளிர்காலம் முடிகிற நேரத்தில் காட்டுத் தேயிலை மரங்களில், இலை விரிவதற்கு முன்பே, செதில் செதிலாக மூடிய தடித்த அரும்பு வரும். அதை எடுத்து வெயிலில் காய வைத்து விற்கிறார்கள். இது வெள்ளைத் தேயிலையில் சேருமா சேராதா என்று அங்கேயே ஒரு வாக்குவாதம் நடக்கிறது, அது நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது வேறு. குளிர்காலம் முழுக்க மரம் சேர்த்து வைத்த சத்தெல்லாம் அந்த அரும்பில்தான் இருக்கிறது. அதைக் கிள்ளிவிட்டால் அந்தக் கிளையில் வர வேண்டிய இலை வராது, மரம் இன்னொரு கண்ணிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். அளவுக்கு மீறி எடுத்தால் மரம் இளைக்கும். 2021இல் சீன அரசு காட்டுத் தேயிலை இனங்களைப் பாதுகாக்க வேண்டிய தாவரங்களின் பட்டியலில் சேர்த்தது. பழைய தேயிலை மரங்களைக் காப்பதற்கென்றே யுனான் மாகாணம் ஒரு சட்டம் போட்டு 2023 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மரத்துக்கு ஓய்வு கொடு என்று சட்டம் சொல்கிறது பாருங்கள். மரத்துக்கு!

மரத்தின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. டப்பாவில் ஐந்நூறு வருடம், ஆயிரம் வருடம் என்று போடுவார்கள். பெங்சிங் என்ற இடத்தில் உள்ள ஒரு மரத்துக்கு 3200 வயது என்று சொல்கிறார்கள், விஞ்ஞானிகள் எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கிழட்டுத் தேயிலை மரத்தின் வயதைத் துல்லியமாகச் சொல்வது கடினம். அதனால் அந்தச் சொல்லை வைத்துப் பொய்யும் நிறைய விற்கப்படுகிறது. பத்து வருடத்து மரத்தின் இலை பாட்டி மரத்தின் பெயரில் போகிறது. குடிக்கிறவனுக்குத் தெரியாது, பறிக்கிறவளுக்குத் தெரியும்.

இப்போது நம்முடைய மலைக்குத் திரும்புவோம்.

நம் நாட்டிலும் வெள்ளைத் தேயிலை செய்கிறார்கள், சில்வர் டிப்ஸ் என்று. சாதாரண பீ.ஓ.பீ.யைவிடப் பல மடங்கு விலை. நல்ல விஷயம்தான். தூளுக்கு விலை இல்லை, விலை இல்லை என்று முப்பது வருடமாகக் கேட்டுச் சலித்த நமக்கு, விலை உள்ள ஒன்று நம் மலையில் விளைகிறது என்றால் சந்தோசம்தான். நான் அதற்கு எதிரி இல்லை. என் கேள்வி மடுவத்தில் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கணக்குக்காகத்தான் சொல்கிறேன், உங்கள் மலையில் வேறு மாதிரி வரலாம். நூறு பச்சை அரும்பு பத்து கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோவுக்குப் பத்தாயிரம் அரும்பு. ஓர் அக்கா நிமிடத்துக்கு முப்பது அரும்பு நகம் படாமல் எடுக்கிறார் என்றால், ஒரு மணித்தியாலத்துக்கு 1800. எட்டு மணித்தியாலம் ஒரு நிமிடம் நிற்காமல், தண்ணீர் குடிக்காமல், அடுத்த நிரைக்கு நடக்காமல் எடுத்தால் 14,400. எடை 1 கிலோ 440 கிராம். 18 கிலோ கேட்கிற தராசில் அது பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. நம் ஸ்டோர் கணக்கில் நாலரை, ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ தூள். அப்படியானால் அந்த அக்காவின் ஒரு நாள் முழு உழைப்பு ஏறக்குறைய 300 கிராம் தேயிலை. அந்த 300 கிராம் வெளிநாட்டுக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் ஃபோன் வைத்திருக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள், பார்த்துச் சொல்வார்கள்.

ஒரு தோட்டத்தில் நடந்தது. காலையில் பிரட்டில் பத்துப் பேரைத் தனியாக நிறுத்தி அரும்பெடுக்க அனுப்பினார்கள். பதினொரு மணி வரை அரும்பு. பிறகு கூடையை மாற்றிக் கொழுந்துக்குப் போகச் சொன்னார்கள். மாலையில் தராசு. அரும்பெடுத்த மூன்று மணித்தியாலத்தைக் கழித்துப் பார்க்கவில்லை. கிலோ குறைவு என்று அரைப் பேர் போட்டார்கள். ஈரத்துக்கு என்று வழக்கம்போல ஒரு கிலோ கழிவு வேறு. அரும்பு போன கூடையை நிறுத்த தராசு கிராம் காட்டுகிற தராசே இல்லை, கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அந்தப் பத்துப் பேரும் அந்த மலையில் கை சுத்தமான பறிகாரிகள். திறமை உள்ளவள் என்று தேர்ந்தெடுத்ததே அவளுக்குச் சம்பள வெட்டாக முடிந்தது.

அதோடு முடியவில்லை. அரும்பு கிள்ளிய கொழுந்து மேலே வளராது. அதில் மிஞ்சிய இரண்டு இலையும் நின்று முற்றும். அடுத்த சுற்றில் அந்த மலைக்கு வருகிறவளுக்கு நல்ல கொழுந்து குறையும், முற்றல் கூடும், கணக்கப்பிள்ளை ஏசுவார். ஆக அரும்பெடுத்தவளுக்கும் நட்டம், அரும்பெடுக்காதவளுக்கும் நட்டம். இலாபம் எங்கே போனது என்று பார்த்தால் டப்பாவுக்குள் போயிருக்கிறது.

1000 ரூபாய் வேண்டுமென்று 2015இலிருந்து போராடினோம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் வந்தது. 2024இல் அது 1350 ஆனது. ஆனால் 2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகியதோடு, கிலோ எவ்வளவு என்று உட்கார்ந்து பேசுகிற மேசை இல்லாமல் போயிற்று. இன்றைக்கு அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது. அரும்புக்கு அளவே பேசப்படவில்லை. பேசப்படாத இடத்தில் துரை சொல்வதுதான் அளவு.

நிலத்தைப் பற்றியும் கேட்பீர்கள். யுனான் விவசாயிக்கும் நிலம் சொந்தமில்லை, ஊருடையது. நம் பெருந்தோட்ட நிலத்தின் பெரும்பகுதியும் கம்பனிக்குச் சொந்தமில்லை. 1975இல் அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. அங்கே பிரித்துக் கொடுக்கும்போது மரத்தோடு சேர்த்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். இங்கே தேயிலையோடு சேர்த்து நம்மையும் கம்பனிக்குக் கொடுத்தார்கள். இப்போது வெளியாள் உற்பத்தி முறை என்று சில தோட்டங்களில் மலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன்பு கேட்க வேண்டிய முதல் கேள்வி, பச்சைக் கொழுந்தை யாருக்கு விற்பது, விலையை யார் தீர்மானிப்பது என்பது. ஜிங்மாய்காரர் இலையை வீட்டிலேயே காய வைத்து, வருகிற வியாபாரிகளில் நல்ல விலை சொல்கிறவருக்குக் கொடுக்கலாம். நாம் அதே ஸ்டோருக்குத்தான் போட வேண்டும், அவர்கள் சொல்கிற விலைதான் என்றால், பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. இதைப் பற்றித் தனியாக ஒரு வகுப்பு வைக்க வேண்டும், இன்று நேரமில்லை.

அரும்பு விஷயத்தில் நம் சங்கம் கேட்பது இதுதான். அரும்பெடுக்க அனுப்பிய நாளுக்குக் கிலோ பார்க்காமல் முழுப் பேர் போட வேண்டும். அதற்கு மேல் எடுத்த அரும்புக்குத் தனி விலை, கிலோ கணக்கில் அல்ல, கிராம் கணக்கில். கிராம் காட்டும் தராசு மடுவத்தில் இருக்க வேண்டும், எழுதுவதை எடுத்தவள் பார்க்க வேண்டும். அரும்பெடுத்த மலை எது என்று பதிந்து, அடுத்த சுற்றில் அந்த மலைக்கு அளவைக் குறைக்க வேண்டும். மழை பிடித்து அரும்பு நிறுத்தினால் வேறு வேலை கொடுத்து அந்த நாளையும் முழு நாளாக்க வேண்டும்.

இதைக் கொண்டுபோய்ப் பேசினால் "ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம், உங்களிடம் கணக்கு இருக்கிறதா?" என்று கேட்பார்கள். நான் சொன்ன பத்து கிராம் கணக்கு அங்கே நிற்காது. உங்கள் மலைக் கணக்கு வேண்டும். விதைத் தேயிலை மலையில் ஒரு மாதிரி வரும், டீ.ஆர்.ஐ. 2025 போட்ட மலையில் வேறு மாதிரி வரும். அடுத்த முறை அரும்புக்கு அனுப்பும்போது நூறு அரும்பை எண்ணி ஒரு பையில் போட்டுக் கடைத் தராசிலோ, தங்க நகை நிறுக்கிற தராசிலோ நிறுத்துப் பாருங்கள். நூறு எடுக்க எத்தனை நிமிடம் ஆனது என்று தங்கச்சிமார் யாராவது ஃபோனில் பார்த்துக்கொள்ளட்டும். காலையில் ஒரு தடவை, கை சோர்ந்த பிறகு மதியம் ஒரு தடவை. மலை நம்பர், தேதி, எடை, நிமிடம், மழையா வெயிலா என்று ஒரு கொப்பியில் எழுதி, எடுத்தவர் பெயரை மட்டும் போடாமல், மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். நாற்பது ஐம்பது கொப்பி சேர்ந்தவுடன் நாம் பேச்சுவார்த்தைக்குக் கடிதம் கொடுக்கலாம்.